இவை என் எழுத்து: திருச்சுழி வட்டாரக் கல்வெட்டு வழக்கும் கட்டற்ற மென்பொருளாரின் பெருமிதமும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி நோக்கிச் செல்வார் காண்பது வானம் பார்த்த பூமி. கரிசலும் செவலும் மாறிமாறி வரும் அந்நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விளைகின்றன. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆதலின் கண்மாயே இங்கு ஊரின் உயிர். 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கும் இவ்வட்டாரம் கல்வெட்டு ஆய்வாளருக்குப் புதியதன்று. சுந்தரர் பாடல் பெற்ற திருச்சுழியலும், அதனை அடுத்து, சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் பள்ளிப்படை அமைந்த பள்ளிமடமும், சோழன் தலைகொண்ட வீரபாண்டியனின் 10-ஆம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வார் அனைவரும் அறிந்த ஊர்கள். அரசர் வரலாற்றிற்கு இக்கல்வெட்டுகள் நன்கு பயன்பட்டுள்ளன. யாம் ஈண்டு அவற்றை வேறொரு வினாவிற்கு விடை காண அணுகுகின்றோம்.

விலையின்றி ஊர்க்கு வழங்கிய பொருளுக்குச் செய்தவன் பெயர் எதற்கு என்பதே அவ்வினா. இது பழங்காலத்தைப் பற்றியதாகத் தோன்றினும், இக்காலத்துத் தமிழாராய்ச்சியை நேரே தொடுவது. இன்று நாம் தமிழை எழுதவும் தேடவும் படிக்கவும் கையாளும் கருவிகளுட் பல, ஊதியம் பெறாது உழைத்த தனிமனிதர் ஆக்கி எல்லார்க்கும் வழங்கியவை. அவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்பர். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளை மனிதன் படிக்கத்தக்க வடிவில் எழுதியது மூல நிரல். பொறி மட்டும் அறியும் வடிவில் மாற்றியது அதன் இயக்க வடிவம். வணிகர் பெரும்பாலும் பின்னதை மட்டும் விற்று, முன்னதை மறைத்து வைப்பர். கட்டற்ற மென்பொருளார் மூல நிரலையே வெளியிட்டு, எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என உரிமை நல்குவர். 'இலவசமாகக் கிடைப்பதில் பொறுப்பை எதிர்பார்க்கலாகுமோ' என்று அறிஞருள்ளும் சிலர் வினவக் கேட்டுள்ளோம். விலை இல்லாத இடத்தில்தான் பெயர் பெரும் பொறுப்பை ஏற்கின்றது என்பது எம் துணிபு. அதற்குச் சான்று இவ்வறண்ட நிலத்திலேயே உண்டு.

சாத்தூரை அடுத்த எருக்கங்குடியில் 9-ஆம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று, இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் என்பான் அமைத்த நீர்நிலைகளையும் எடுப்பித்த கோயில்களையும் எடுத்துரைக்கின்றது. நீர் ஊரார்க்கு உரியது. பெயரே அவனுக்கு உரியது. இதனைப் புகழ் விருப்பம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கரை உடைந்தால் எவன் வெட்டுவித்த குளம் என்று வழிவழியாக வினவ இடந்தருவது அப்பெயரே.

அரசன் பெயரும் வள்ளல் பெயரும் கல்வெட்டின் முன்பகுதியில் வரும். நாம் கருதும் பெயரோ இறுதியில், படிப்பவர் கண் விரைந்து கடக்கும் இடத்தில் உள்ளது. ஊர்ச்சபையின் முடிவையோ நிலவிலையையோ கூறும் ஆவணங்களின் முடிவில், கணக்கனும் மத்தியத்தனும் சான்றாவோரும் 'இவை என் எழுத்து' என்று கையொப்பமிடுவர். அவ்வாறு ஒப்பமிட்டமையால் அந்நிலத்தில் ஒருபிடி நெல்லும் அவனுக்கு உரிமையாவதில்லை. எல்லை பிழைபட எழுதப்பட்டிருந்தாலோ, அளவு திரிந்திருந்தாலோ, வினவப்படுவோன் அவனே. எனவே அப்பெயர் உடைமையைக் காட்டுவதன்று, பிணையாக நிற்பது. பாண்டியர் செப்பேடுகளில் பொறித்தவன் பெயரும் இடம்பெறுதல் உண்டு. வேள்விக்குடிச் செப்பேட்டைப் பொறித்தவன் பெரும்பணைகாரன் என்னும் பட்டத்தோடு காணப்படுகின்றான். மன்னன் கொடையைக் கூறும் ஏட்டில் கம்மியன் பெயர்க்கும் இடம் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது 'சாவா மூவாப் பேராடு' என்னும் வழக்கு. நெல் விளைவு குன்றிய புன்செய் நாட்டில் கோயில் நந்தாவிளக்கிற்கு ஆடுகளை வழங்குதல் இயல்பு. ஆடு சாகும்; மூப்படையும். ஆயினும் கொடையாகக் கொடுத்த எண்ணிக்கை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஏற்றுக்கொண்ட இடையன் குட்டிகளைக் கொண்டு அதனை நிரப்பி, நாள்தோறும் நெய் அளத்தல் வேண்டும். வள்ளல் ஒருநாள் ஈந்தான். இடையனோ ஆண்டு முழுதும் பேணினான். மென்பொருளும் இத்தகையதே. எழுதி வெளியிட்ட நாளில் அது முடிவுறுவதில்லை. பொறி மாறும், இயக்க முறைமை மாறும், எழுத்துக் குறியேற்றம் மாறும். இறந்த ஆட்டுக்கு ஈடாகப் புதுக்குட்டியைச் சேர்ப்பார் போலப் பழைய வரிகளை நீக்கிப் புதியன சேர்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இப்பேணுநர் பெயரைப் பயனாளருள் ஆயிரத்தில் ஒருவரும் அறியார்.

மூன்றாவதாக ஒரு வழக்கு. திருமழபாடிக் கோயிலைப் புதுக்க முதல் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவரைப் பிரிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்து வைத்தனர். முதல் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் புதுச்சுவரில் வெட்டப்பெற்றன. இவ்வாறு மீளப் பொறித்த இடங்களில் 'இது பழங்கற்படி' என்ற குறிப்பு வருதல் கல்வெட்டுப் பயின்றார் அறிந்ததே. படி தன்னைப் படி என்று சொல்லிக்கொள்கின்றது, மூலமாக நடிப்பதில்லை.

இனி மேனாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு சுட்டால்மன் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் குனூ என்னும் கட்டற்ற இயக்க முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1989-இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. 1991-இல் அதன் இரண்டாம் பதிப்பு. அவ்வாண்டிலேயே பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்டுசு லினக்சு என்னும் கருவகத்தைத் தொடங்கினார். இன்று அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் ஆண்டிராய்டு கைப்பேசி வைத்திருப்போர் அனைவரிடத்தும் அக்கருவகம் இயங்குகின்றது. அவ்வுரிமத்தைச் சட்ட ஆவணமாக மட்டும் படித்தோர் அதன் முன்னுரையிலுள்ள ஒரு கருத்தைக் கவனியாது போயினர். பிறர் திருத்தி வழங்கிய படியைப் பெறுவோர், தாம் பெற்றது மூலமன்று என அறிதல் வேண்டும். பிறர் புகுத்திய பிழையால் முதலாசிரியன் நற்பெயர் கெடலாகாது என்பது அதன் கருத்து. திருத்தியவன் தான் திருத்தினான் என்பதையும் நாளையும் கோப்பில் வெளிப்படக் குறிக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பழங்கற்படி வழக்கை அறிந்தார்க்கு இதில் புதுமை ஏதும் இல்லை. 1998-இல் வகுக்கப்பெற்ற திறமூல வரையறையும் ஆசிரியன் மூல நிரலின் செம்மையைத் தனி விதியாகவே வைத்தது: திருத்திய படிக்கு வேறு பெயரோ வேறு பதிப்பெண்ணோ இடுமாறு உரிமம் கோரலாம் என்பது அது. பொருளை எவரும் கொள்ளலாம். பெயரை எவரும் கவர்தல் கூடாது.

அதே 1998-இல் எரிக் இரேமண்டு என்பார் இம்மக்களின் வழக்காறுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், சட்டம் விலக்காத செயலாயினும் அவர்கள் பெருங்குற்றமாகக் கருதுவனவற்றைச் சுட்டினார். ஒருவருடைய பெயரை அவர் இசைவின்றி ஆக்க வரலாற்றிலிருந்து நீக்குதல் அவற்றுள் ஒன்று. பொன்னையும் நிலத்தையும் பங்கிடுவோர்க்கு எல்லைக்கல் எத்தகையதோ, விலையிலாப் பொருளை வழங்குவோர்க்குப் பெயர் அத்தகையது.

இவ்விடத்துப் 'பெருமிதம்' என்ற சொல்லை எண்ணிப் பார்த்தல் தகும். தற்பெருமை என்றோ செருக்கு என்றோ இதனைக் கூறுதல் பொருந்தாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் நிலைக்களனாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கினைக் கூறுகின்றார். கல்வியும் புகழும் கொடையும் இங்குப் பொருந்துதல் வெளிப்படை. தறுகண் எவ்வாறு பொருந்தும் என்று ஐயுறலாம். உண்மையில் அதுவே தலைமையானது. மூல நிரலை வெளியிடுவோன் தன் அறியாமையையும் சோம்பலையும் குறுக்கு வழியையும் சேர்த்தே வெளியிடுகின்றான். உலகில் வல்லார் எவரும் அதனைப் படித்துப் பிழை காட்டலாம் என அறிந்தும் தன் பெயரை மேலே எழுதுகின்றான். தெக்கு என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய தானல்டு நூத்து, தம் நூல்களில் பிழை கண்டுகாட்டுவார்க்கு 2 தாலர் 56 சென்று காசோலை அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டார். அக்காசோலை பெற்றோர் பலர் அதனை மாற்றிக்கொள்ளாது சட்டமிட்டு வைத்தனர். தெக்கின் நிரலை எவரும் பயன்கொள்ளலாம்; மாற்றியமைத்ததைத் தெக்கு என்று மட்டும் வழங்கலாகாது என்பது அவர் இட்ட தடை. பிழையை விலைகொடுத்து வாங்கும் மனமும் பெயரை விட்டுக்கொடாத மனமும் ஒருவரிடத்தே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

பெருமிதம் திரிந்து செருக்காகும் இடமும் உண்டு. அதனை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. 2016 மார்ச்சுத் திங்களில், பெயர்பற்றிய வழக்கொன்றில் மனம் வெறுத்த நிரலர் ஒருவர், தாம் வழங்கியிருந்த நிரல்களையெல்லாம் பொதுக்களஞ்சியத்திலிருந்து ஒருங்கே நீக்கினார். அவற்றுள் ஒன்று பதினோரு வரி அளவினது. அதனைச் சார்ந்திருந்த எண்ணிறந்த மென்பொருள்கள் அன்று கட்டமைக்க இயலாது நின்றன. அவர்பால் நியாயம் இல்லை என்று யாம் கூறோம். ஆயினும் ஊரார் பாய்ச்சல் நடக்கும்போது மடையை அடைத்தவன் பக்கம் நியாயம் இருந்தாலும் பயிர் வாடியே தீரும்.

இதனினும் கொடியது பெயரே பொய்யாதல். எக்சுசெட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள்; லினக்சு வழங்கல்கள் பலவற்றில் அடங்குவது. லாசு காலின் என்னும் பின்லாந்து நிரலர் அதனைப் பல்லாண்டு ஊதியமின்றிப் பேணிவந்தார். 2021 முதல் யியா தான் என்னும் பெயரில் ஒருவர் உதவத் தொடங்கி, மெல்லமெல்ல நம்பிக்கை பெற்று, பேணுநருள் ஒருவராயினார். பேணுதல் மந்தமாக உள்ளது என்று முதலாசிரியரை வேறு சில பெயர்களிலிருந்து வந்த மடல்கள் இடித்துரைத்தன. 2024 தொடக்கத்தில் வெளியான இரு பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டது. தமிழ்ப் பதிப்பாசிரியர்க்கு இதில் மிகவும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அனைவரும் காணும் மூலக் களஞ்சியத்தில் அவ்வாயிலைத் திறக்கும் பகுதி முழுமையாக இல்லை. வழங்குவதற்கெனக் கட்டிவைத்த படியிலேதான் இருந்தது. இதனை நாம் இடைச்செருகல் என்போம். ஆந்திரேசு பிராயிண்டு என்னும் பொறியாளர் தம் கணிப்பொறியில் நுழைவு ஏறத்தாழ அரை நொடி காலந்தாழ்த்தல் கண்டு, அதன் காரணத்தை விடாது தேடி, மார்ச்சு 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அரை நொடியைப் பொருட்படுத்தாது விட்டிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிரார். யியா தான் என்னும் பெயர்க்குப் பின் நின்றவர் இன்னார் என்பது வெளிப்படவே இல்லை. 'இவை என் எழுத்து' என்ற இடத்தில் இல்லாத ஒருவனின் ஒப்பம் இருந்தது.

தமிழ்நூற் பதிப்பு வரலாற்றில் இச்செம்மைக்கு முன்னோடிகள் உளர். உ.வே.சாமிநாதையர் ஏடு உதவினோர் பெயர்களை முன்னுரையில் குறித்தார். பாடவேறுபாடுகளை மறையாது தந்தார். சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பாது புள்ளியிட்டு விட்டார். அவர் நினைத்திருந்தால் பழம்புலவர் நடையில் ஓரடி எழுதிச் சேர்த்தல் அரிதன்று, கண்டுபிடிப்பாரும் அரியர். தொகைநூல் தொகுத்தாரும் புலவன் பெயர் அறியாவிடத்துப் புனைந்து எழுதாது, அவன் பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கினர்.

இம்மரபில் வந்ததாகவே மதுரைத் திட்டத்தை யாம் கருதுகின்றோம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்து நாட்டு உலோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு.கல்யாணசுந்தரம் இதனைத் தொடங்கினார். அவர் முன்னரே மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கி விலையின்றி வழங்கியவர். திருச்சுழிக்கு வடக்கே ஒரு நாள் நடைக்கும் சற்று மிகுந்த தொலைவில் உள்ள மதுரையின் பெயரைத் தாங்கிய இம்முயற்சிக்குக் கட்டடமும் இல்லை, ஊதியப் பணியாளரும் இல்லை. பல நாடுகளில் வாழும் தமிழர் ஓய்வு நேரத்தில் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து அனுப்பினர்.

மென்பொருளிலும் அவ்வாறே. முகுந்தராசும் தமிழா குழுவினரும் 2000-களின் தொடக்கத்தில் வழங்கிய எ-கலப்பை, விசைப்பலகை வழியாகத் தமிழை உள்ளிட உதவியது. முதலில் அது அக்காலத்துத் தனியுரிமையாக இருந்த பிறர் இயக்கி ஒன்றன்மேல் அமைந்தது. பின்னர்க் கட்டற்ற உரிமத்தில் புதிதாக எழுதப்பெற்றது. பயன்கொள்வோர் திரையில் இரண்டிற்கும் பெரு வேறுபாடு காணார். இயங்கிக்கொண்டிருந்த ஒன்றை, அதன் அடித்தளம் பிறர்க்கு உரியது என்ற ஒரே காரணத்தால் மீண்டும் எழுதுதல் எவரும் கேளாத உழைப்பு. 2012 முதல் த.சீனிவாசன் முதலியோர் நடத்திவரும் கணியம் இதழ், இத்தகைய கருவிகளின் நுட்பத்தைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றது.

ஒருங்குறியில் தமிழ் சேமிக்கப்படும் முறையைச் சிறிது அறிந்தால் இவ்வுழைப்பின் அருமை புலனாகும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என வினவினால் மாணவன் மூன்று என்பான். பொறியோ ஐந்து என்னும். மகரத்தின்மேல் வரும் இகரக் குறியையும் ழகரத்தின்மேல் வரும் புள்ளியையும் அது தனித்தனி உறுப்பாகவே எண்ணுகின்றது. முத்து அண்ணாமலையும் துணைவரும் ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதி இவ்வைந்தை மூன்றாக எண்ணக் கற்பிக்கின்றது. 'கொ' என்று எழுதும்போது, சேமிப்பில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றே நிற்கும். திரையில் அதனைப் பிளந்து ஒரு கூற்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் இடுவது ஆர்புபசு என்னும் கட்டற்ற மென்பொருள். அப்பெயர் திறந்த எழுத்து எனப் பொருள்படும் பாரசீகத் தொடர். அதனை ஆக்கியோருள் தமிழ் அறிந்தார் அரியர். ஆயினும் அறியாத மொழியின் ஒகரம் தம் கையால் சிதையலாகாது என்று உழைத்துள்ளனர்.

இங்குக் கண்ணுக்குப் புலனாகாப் பிழைகளே மிகுதி. ஔவை என்பதன் ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாது, ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்து இட்டால் தாளில் வேறுபாடு அரிதாகவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஸ்ரீ என்னும் கிரந்த வடிவம் இதனினும் இடர் தருவது. 2005-இல் ஒருங்குறியில் புதிதாக ஒரு சகர எழுத்துச் சேர்க்கப்பட்ட பின், அவ்வடிவம் இருவேறு குறிவரிசைகளால் சேமிக்கப்படலாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பாண்டியர் கல்வெட்டுப் பாடங்களைத் தட்டெழுதிய ஒருவர் முன்னதையும் மற்றொருவர் பின்னதையும் பயன்படுத்தினால், ஸ்ரீவல்லபன் பெயர் வரும் கல்வெட்டுகளைத் தேடும் ஆய்வாளர்க்குப் பாதியே அகப்படும். மறுபாதி இல்லை என்றே அவர் முடிவு கட்டுவார். அருப்புக்கோட்டைத் தறியில் சேலையை மறுபுறம் திருப்பிப் பார்த்து இழை எண்ணும் வாங்குநர் உண்டு. தட்டெழுதியவன் இட்ட குறிவரிசையைத் திருப்பிப் பார்க்கும் ஆய்வாளர் இல்லை. எனவே இங்குச் செம்மை என்பது எழுதியவன் மனத்திலன்றி வேறெங்கும் இல்லை.

மதுரைத் திட்டக் கோப்பு ஒவ்வொன்றன் தலைப்பிலும் தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், வலைவடிவம் அமைத்தவர் யார், இறுதியாகத் திருத்திய நாள் யாது என்பன குறிக்கப்பெற்றுள்ளன. கோப்பை எவரும் எவர்க்கும் வழங்கலாம். அத்தலைப்பு மட்டும் சிதையாது இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த ஒரே கட்டு. நம் ஆய்வேடுகள் பலவற்றில் பாடம் அக்கோப்பிலிருந்து எடுக்கப்பட்டிருத்தலை அதன் தனித்த பிழைகளே காட்டிக்கொடுக்கின்றன. நூற்பட்டியலிலோ அச்சுப் பதிப்பின் பெயரே நிற்கின்றது. தலைப்பு நீக்கப்பட்டது, தட்டெழுதியவர் பெயரோடு அவர் ஏற்ற பிணையும் நீக்கப்பட்டது, பிழை கண்டால் யாருக்கு அறிவிப்பது என்ற வழியும் அடைபட்டது. தொடக்கக் காலத்து வேறு குறியேற்றத்தில் அமைந்த கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்றிய பின்னும், முதலில் தட்டெழுதியவர் பெயர் தலைப்பில் அவ்வாறே உள்ளது. அருகில் திருத்திய நாளும் உள்ளது.